முட்டைத் தூளா, முழு முட்டையா?



அண்மையில் வந்த கடிதங்களில் ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருந்தார்: "முந்தி சஞ்சிகைகளில் பேனா நட்பு என்று ஒரு பக்கம் வருமே, அதைப் பற்றி ஒருமுறை எழுதக் கூடாதா?"

அந்தப் பக்கத்தை நானும் மறக்கவில்லை. பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு என்று நான்கு வரி இருக்கும். பொழுதுபோக்கு எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும்: முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல், பேனா நட்பு. பெடியன்களின் பெயர்கள்தான் கூடுதலாக வரும். பெண்பிள்ளை ஒருத்தி தன் முகவரியைப் பத்திரிகையில் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வீட்டில் இருந்தது. அப்படியும் எழுதியவர்கள் இருந்தார்கள். சிநேகிதியின் முகவரிக்குப் பதிலை வரவழைத்த கெட்டிக்காரிகளையும் நான் அறிவேன்.

பேனா நட்பு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பக்கம் அல்ல, ஒரு புத்தகக் கடை. லண்டனில் சாரிங் குரொஸ் வீதி, 84ஆம் இலக்கத்தில் இருந்த 'மார்க்ஸ் அன்ட் கோ' என்ற பழைய புத்தகக் கடை. அந்தக் கடைக்கு நியூயோர்க்கில் இருந்த ஒரு பெண் இருபது வருடம் கடிதம் எழுதினார். பெயர் ஹெலீன் ஹான்ஃப். பின்னாளில் அந்தக் கடிதங்களே, கடையின் முகவரியையே தலைப்பாகக் கொண்டு, 1970இல் புத்தகமாக வந்தன. மெல்லிய புத்தகம்தான். ஆனால் உலகம் முழுவதும் விரும்பி வாசிக்கப்பட்டது. நாடகமாகவும், 1987இல் திரைப்படமாகவும் வந்தது.

ஹெலீன் 1916இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம்தான் படித்தார். அதற்கு மேல் படிக்கக் காசு இல்லை. மிகுதியை நூலகத்தில் தானாகவே படித்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் இலக்கிய விரிவுரைகள் அச்சில் வந்திருந்தன. அதை எடுத்து வாசிப்பார். அதில் வாசிக்காத புத்தகம் ஒன்றின் பெயர் வந்தால் விரிவுரையை மூடி வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடிப் போவார். இடப்பெயர்வினால் படிப்பு அரைகுறையில் நின்ற சகோதரிகள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

படித்து முடித்துப் பெரிய உத்தியோகமும் பார்க்கவில்லை. நாடகம் எழுதினார், ஒன்றும் மேடை ஏறவில்லை. பிறர் எழுதியவற்றை வாசித்து அபிப்பிராயம் சொல்லும் வேலைக்குச் சிறு சம்பளம் கிடைத்தது. வசித்தது சூடு போதாத ஓர் அறையில். புத்தகம் அடுக்க இறாக்கை இல்லாமல் தோடம்பழப் பெட்டிகளை வைத்திருந்தார். அவர் தேடிய பழைய ஆங்கிலப் புத்தகங்கள் நியூயோர்க்கில் ஒன்றில் கிடைக்காது, அல்லது கைக்கு எட்டாத விலை. ஒரு வாரப் பத்திரிகையில் லண்டன் கடையின் விளம்பரத்தைக் கண்டு, 1949 ஒக்டோபர் 5ஆம் திகதி எழுதினார். தேவையான புத்தகங்களின் பட்டியலை வைத்து, ஒவ்வொன்றும் ஐந்து டொலருக்கு மேற்படாமல், சுத்தமான பழைய பிரதிகளாக இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தார். அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான் பிரித்தானியா தன் பவுணின் மதிப்பை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைத்திருந்தது. அதனால் டொலர் வைத்திருந்தவருக்கு லண்டன் சாமான் மலிவாயிற்று. ஏழை எழுத்தாளர் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பதில் எழுதியவர் அங்கு வேலை செய்த பிராங்க் டோயல். ஆரம்பத்தில் தன் பெயரைக்கூடப் போடவில்லை, முதலெழுத்துகளை மட்டும் போட்டார். "அம்மணி" என்று தொடங்கும் கந்தோர்க் கடிதம். ஹெலீனோ வாய்த்துடுக்குக்காரி. பிடிக்காத புத்தகம் வந்தால் பெரிய எழுத்தில் ஏசுவார். காசை மணியோடராக அனுப்பப் பஞ்சிப்பட்டு, டொலர் நோட்டைக் கடிதத்துக்குள் மடித்து வைத்துவிடுவார். அப்படி அனுப்புவது பாதுகாப்பில்லை என்று பிராங்க் எச்சரித்தும் கேட்கவில்லை. பிராங்க் "மிஸ் ஹான்ஃப்" என்பதை விட்டு "ஹெலீன்" என்று எழுத இரண்டு வருடத்துக்கு மேல் சென்றது. 1952 பெப்ரவரியில் அப்படி எழுதியபோதுதான் காரணத்தையும் சொன்னார்: கடிதத்தின் பிரதி கந்தோர் கோப்புக்குப் போவதால் மரியாதை குறையாமல் எழுத வேண்டியிருந்ததாம்.

இனித்தான் நமக்குக் கிட்டிய கதை வருகிறது.

இரண்டாம் உலக யுத்தம் 1945இல் முடிந்தது. பிரித்தானியா வென்ற நாடு. ஆனால் 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு யுத்தம் முடிந்தும் போகவில்லை. யுத்த காலத்தில் தடையின்றிக் கிடைத்த பாண்கூட, யுத்தம் முடிந்த பிறகு 1946இலிருந்து 1948 வரை கூப்பனுக்குப் போனது. நாடு கடனில் கிடந்தது. உணவை வெளியிலிருந்து வாங்க டொலர் இல்லை. யுத்தம் முடிந்தால் அடுத்த நாளே அடுப்பில் எல்லாம் வேகும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வென்ற நாட்டுப் பெண்கள் ஒன்பது வருடம் கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்றார்கள்.

ஹெலீனுக்கு இது தெரியாது. அவருடைய கட்டடத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயர் மூலம், ஒரு குடும்பத்துக்குக் கிழமைக்கு இரண்டு அவுன்ஸ் இறைச்சி, ஆளுக்கு மாதத்துக்கு ஒரு முட்டை என்று கேள்விப்பட்டார். பதறிப்போனார். அமெரிக்காவில் காசு கட்டினால் டென்மார்க்கிலிருந்து லண்டனுக்கு உணவுப்பொதி அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. 1949 நத்தாருக்கு ஆறு இறாத்தல் பன்றியிறைச்சியோடு ஒரு பொதி கடைக்குப் போனது.

அனுப்பிய பிறகுதான் கடைப் பற்றுச்சீட்டில் முதலாளிமார் பெயரைக் கவனித்தார்: மார்க்ஸ், கோஹன். இருவரும் யூதப் பெயர்கள். யூத சமயத்தில் பன்றியிறைச்சி விலக்கு. உடனே இன்னொரு கடிதம் பறந்தது: அவர்கள் அதைச் சாப்பிடுவார்களா, இல்லாவிட்டால் வேறு இறைச்சி அனுப்பட்டுமா என்று. ஹெலீனும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான். மற்றவரின் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வேலை செய்பவர்கள் பொதியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதிலிருந்த ஒவ்வொன்றும் தாங்கள் கண்ணால் காணாதது, அல்லது கறுப்புச் சந்தையில் மட்டும் கிடைப்பது என்று பிராங்க் எழுதினார். அதன் பிறகு ஈஸ்டருக்கும் நத்தாருக்குமாகப் பொதிகள் போய்க்கொண்டே இருந்தன. முட்டைத் தூள், இறைச்சிப் பேணிகள், பெண்களுக்கு நைலோன் காலுறைகூட.

1951 ஒக்டோபரில் ஹெலீன் ஒரு கேள்வி கேட்டு எழுதினார். முட்டைத் தூள் அனுப்பவா, டென்மார்க்கிலிருந்து முழு முட்டை அனுப்பவா? தூள் நாள்பட இருக்கும், முழு முட்டை கெதியாகப் பழுதாகும். உங்களுக்குள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பிராங்க் எல்லோரையும் விசாரித்துவிட்டு, முழு முட்டைதான் நல்லது, நாள் தாங்காவிட்டாலும் ருசி அதிகம் என்று பதில் போட்டார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது, மூலையில் இருந்து சேலைக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டவவே? என்ன வேணும் எண்டு கேட்டவவே?"

"ஓமம்மா, கேட்டவ."

"எங்களை ஆர் கேட்டது?"

அங்கிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. பொதிகள் நமக்கும் வந்தன. அரிசி, மா, பருப்பு, சீனி வந்தன. அவை இல்லாவிட்டால் இருந்திருக்க மாட்டோம் என்பதும் உண்மை. ஆனால் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வந்த உடுப்பு மூட்டைகளுக்குள் குளிர்தேசத்து மேற்சட்டைகளும் குதியுயர்ந்த சப்பாத்துகளும் கிடந்ததை இந்த நாடே பார்த்தது. முகாம்களில் பெண்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவற்றைப் பட்டியலில் ஏற்ற எத்தனை பேர் எத்தனை தரம் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது! கொடுத்தவர்கள் மனம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பத்துக்கு ஒரே அளவாகக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் முட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. என்றாலும் அந்த அம்மாவின் கேள்வி எனக்குள் இன்னும் கிடக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கூப்பனில் வாழ்ந்தவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். கடையில் வேலை செய்த இளம்பெண் ஒருத்தி, மாவும் முட்டையும் பாலும் சேர்த்து இறைச்சியோடு சாப்பிடச் சுடும் யோர்க்சயர் புடிங்கின் செய்முறையை எழுதி அனுப்பினாள். அதுவும் பிராங்குக்குத் தெரியாமல். ஹெலீன் தன் சொந்தக் கடிதத் தோழி என்று பிராங்குக்கு ஓர் எண்ணமாம்! ஒருமுறை எல்லோருமாகக் காசு போட்டு, பழைய கவிதைப் புத்தகம் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார்கள். பெயர்களைப் புத்தகத்தில் எழுதாமல் தனி அட்டையில் எழுதியிருந்தார்கள். எழுதினால் புத்தகத்தின் மதிப்புக் குறையும் என்று நினைப்பது வியாபாரிகளின் வழக்கம். ஹெலீனுக்கு அது மனக்குறை. முதல் பக்கத்தில் யாரோ எழுதிய பெயரும், ஓரத்தில் யாரோ கிறுக்கிய குறிப்பும், முந்தியவர் அடிக்கடி வாசித்ததால் தானாக விரியும் பக்கமும் அவருக்கு உயிர்.

பிராங்கின் வீட்டுக்குப் பக்கத்தில் எண்பது வயது தாண்டிய மூதாட்டி ஒருவர் தனியாக இருந்தார். நன்றாகத் தைப்பார். அவர் கையால் பூப்பின்னல் போட்ட மேசைவிரிப்பு ஒன்றை வாங்கி நியூயோர்க்குக்கு அனுப்பினார்கள். ஹெலீன் அந்த மூதாட்டிக்குத் தனியாக நன்றிக்கடிதம் எழுதினார், அவரும் பதில் போட்டார். தோடம்பழப் பெட்டி இறாக்கையாக இருந்த அறையில் அந்த விரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தையல் வகுப்பில் நாம் செய்யும் பூவேலையை எவராவது கண்டு, இன்னார் கை என்று பெயர் சொல்லிப் பாராட்டினால் மனம் எவ்வளவு குளிரும்!

புத்தகங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெலீனுக்குக் கட்டுக்கதைகளில் அவ்வளவு நாட்டம் இல்லை. கண்ணால் கண்டவர் எழுதிய நாட்குறிப்பு, கடிதம், கட்டுரை இவைதான் வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்ற அரசாங்க உத்தியோகத்தரின் நாட்குறிப்பைக் கேட்டிருந்தார். பிராங்க் அனுப்பியது சுருக்கப் பதிப்பு. வந்ததே கோபம்! அன்றாட வாழ்க்கையை எழுதிய ஒரு மனிதனை வெட்டிக் கொத்தியா அனுப்புவது என்று ஏசி எழுதினார்.

அந்தக் கோபம் நியாயமானதுதான். பீப்ஸ் என்ன சாப்பிட்டார், மனைவியோடு ஏன் சண்டை பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 1666 செப்டெம்பரில் லண்டன் தீப்பற்றி எரிந்தபோது அவர் தோட்டத்தில் குழி வெட்டித் தன் வைனையும் இத்தாலியப் பாற்கட்டியையும் புதைத்து வைத்தார். அதையும் எழுதியிருக்கிறார். இதை நான் சொன்னபோதுதான் எங்கள் வட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. தையல் மெசினைப் புதைத்தவர், குத்துவிளக்கைப் புதைத்தவர், கிடாரத்தைப் புதைத்துவிட்டு அடையாளத்துக்கு வைத்த முருங்கைத் தடி மரமாகிவிட்டதைத் திரும்பி வந்து கண்டவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். ஓர் இளம் சகோதரி தன் தாயார் ஊறுகாய்ச் சாடியைப் புதைத்தார் என்றார். பாற்கட்டிக்கும் ஊறுகாய்க்கும் அதிக தூரம் இல்லை. முந்நூற்று ஐம்பது வருடத்துக்குப் பிறகும் பீப்ஸின் குழி நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அன்று அவர் எழுதி வைத்தார்.

நம்முடைய கடிதங்கள் பல மண்ணோடு போய்விட்டன. யுத்த காலத்தில் வடக்கில் தபால் வர மாதக்கணக்கில் செல்லும். பிரிந்த குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைக் குழுவினூடாகத் திறந்த தாளில் சிறு செய்தி வரும். குடும்பச் சங்கதி மட்டும்தான் எழுதலாம், பிறர் வாசித்த பிறகே கைக்கு வரும். "நலம். பிள்ளைகள் நலம். நீங்கள் நலமா?" அந்த மூன்று வசனத்தைக் காய்ந்த கண்ணோடு எத்தனை முறை வாசித்திருப்போம். ஜாம்போத்தல் விளக்கில் எழுதிய பதில்களும் அப்படித்தான். என்ன சமைத்தோம், எந்தக் கோழி அடைகாக்கிறது என்று எழுத இடமில்லை. இடமிருந்தபோதும், இதையெல்லாமா எழுதுவது என்று விட்டுவிட்டோம். ஹெலீனின் கடிதத்தில் பல்வைத்தியருக்குக் கொடுத்த காசும் பூச்சி அரித்த கம்பளிச் சட்டையும்தான் இருக்கின்றன.

1953 மார்ச்சில் முட்டைக்கும், 1954 ஜூலையில் கடைசியாக இறைச்சிக்கும் பங்கீடு நீங்கியது. பொதிக்குத் தேவை போயிற்று. கடிதம் அதன் பிறகும் பதினான்கு வருடம் போய் வந்தது. பிராங்கின் மனைவி நோராவும் எழுதினார். ஒவ்வொரு வருடமும் ஹெலீன் லண்டனுக்கு வருகிறேன் என்பார். பல்லுக்குச் செலவு, வீடு மாற வேண்டிய செலவு என்று ஏதாவது ஒன்று வந்து காசைத் தின்றுவிடும்.

"ஒருக்கா எண்டாலும் போய்ப் பாத்திருக்கலாமே ரீச்சர். அமெரிக்காவில இருக்கிறவவுக்குக் காசில்லையே?" என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் காசுக்காரர் என்ற நம்முடைய எண்ணம் அவ்வளவு இலகுவில் போகாது.

1968 டிசம்பர் 22இல் பிராங்க் டோயல் குடல்வளரி வெடித்த வருத்தத்தில் காலமானார். ஹெலீனுக்கு அது 1969 ஜனவரியில் கடைச் செயலாளரின் கடிதம் மூலம் தெரிய வந்தது. செப்டெம்பரில் அவர் எழுதிய கடிதம் இப்போதுதான் கண்ணில் பட்டது என்று தொடங்கி, மரணச் செய்தியைச் சொல்லி, கேட்டிருந்த புத்தகங்கள் இன்னும் தேவையா என்று விசாரித்திருந்தது அந்தக் கடிதம். கந்தோர்க் கடிதம் வேறு எப்படி இருக்கும்! பின்னர் நோரா எழுதினார். உங்கள் கடிதங்களை அவர் அவ்வளவு ரசித்தார், சில வேளைகளில் எனக்கு உங்கள் மேல் பொறாமையாகவும் இருந்தது என்று மறைக்காமல் எழுதினார். கணவனை இழந்த சில கிழமைகளில் இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் நோராதான். பொதியில் வந்த இறைச்சியைச் சமைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டவர் அவர்.

பிராங்கின் குடும்பத்தவரின் சம்மதத்தோடு கடிதங்கள் புத்தகமாயின. அந்தப் புத்தகம்தான் ஹெலீனை 1971 ஜூனில் லண்டனுக்குக் கொண்டுபோனது. அவருக்கு அப்போது 55 வயது. நோராவையும் மகள் ஷீலாவையும் கண்டார். கடை முந்திய வருடமே மூடப்பட்டுவிட்டது. உள்ளே வெறும் இறாக்கைகள் மட்டும் நின்றன. அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

புத்தகத்தால் அவர் பணக்காரி ஆகவில்லை. முகம் தெரியாத வாசகர்கள் உலகெங்கும் இருந்து கடிதம் எழுதினார்கள், அவரும் பதில் எழுதினார். 1997 ஏப்ரலில் நியூயோர்க்கில் காலமானார்.

எங்கள் வாசிப்பு வட்டம் கலையும் நேரத்தில், சேலைக் கரை தைத்த அம்மா ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். கனடாவில் இருக்கும் தமக்கையின் மகளுக்கு. அந்தப் பிள்ளை ஒவ்வொரு வருடமும் சொக்கலேற் பெட்டி அனுப்புமாம். இவருக்கோ சீனி வருத்தம். இத்தனை வருடமும் அயலுக்குக் கொடுத்துவிட்டு, "கிடைத்தது, சந்தோஷம்" என்று சொல்லி வந்திருக்கிறார்.

"என்ன எழுத வேணும் அம்மா?" என்று கேட்டேன்.

கனநேரம் யோசித்தார்.

"வாசிக்கிற கண்ணாடி ஒண்டு வேணும் எண்டு எழுது பிள்ளை. பிறகு, கறுத்த முருங்கை இந்த முறை நல்லாக் காய்ச்சிருக்கு, வத்தல் போட்டு அனுப்பவோ எண்டு கேள்."